நோயில்லா மாகாணத்தில் செத்த பதினொரு கோழிகள்

கஃப்ர் ஸுபைதாவில் கோழி சாவதற்கு அனுமதி இல்லை என்பதை இன்ஷிராஹிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அந்தப் பதினொன்றையும் சாக்கில் கட்டி, ஊர் வழக்கப்படி கால்வாயில் எறிந்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருப்பாள். அவளுக்குச் சொல்லப்பட்டது நேர்மாறாக இருந்தது.

சொன்னவர் டாக்டர் வக்தி. கால்நடை மருத்துவர், அதைவிடப் பெரிய பதவியாக, பறவைக் காய்ச்சலை எதிர்ப்பதற்கான மாகாண உயர்மட்டக் குழுவின் தலைவர். அவர் கடைசியாக ஒரு கோழியைத் தொட்டது கல்லூரித் தேர்வில் என்று பேச்சு; தட்டில் தொட்டதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. குளிர்காலத் தொடக்கத்தில் ஊர் இளைஞர் மன்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, பெண்களை வரவழைத்து, ஒன்றேகால் மணி நேரம் பேசினார்.

"சகோதரிகளே, இந்த நோய் காட்டு வாத்துகிட்டருந்து வீட்டு வாத்துக்கு வரும். வாத்துகிட்டருந்து கோழிக்கு. கோழிகிட்டருந்து உங்களுக்கு. உங்ககிட்டருந்து எங்களுக்கு வரும். எங்ககிட்டருந்து மேலிடத்துக்குப் போயிரும். மேல போறதுக்குள்ள அத நிறுத்துறதுதான் நம்ம எல்லாரோட கடமை."

பெண்கள் தலையாட்டினார்கள். நோய் மேலிடத்துக்குப் போனால் மேலிடத்துக்குக் காய்ச்சல் வரும் போலிருக்கிறது என்று புரிந்துகொண்டு சிலர் இரக்கப்படவும் செய்தார்கள்.

"வீட்டுல ஒரு கோழி தலையச் சாய்ச்சாலும் ஒரு மணி நேரத்துல போன் பண்ணுங்க. போன் பண்ற பொம்பள அரசாங்கத்தோட கண்ணு. தன் கண்ணத் தானே குத்திக்கிற அரசாங்கத்த நீங்க பாத்திருக்கீங்களா?"

அவருக்குப் பின்னால் ஒரு பலகை மாட்டியிருந்தது: 'நோயற்ற மாகாணம் – 431வது நாள்.' இதே வாசகம் பத்து மடங்கு பெரிதாகக் கால்வாய்ப் பாலத்திலும் இருந்தது. தினமும் காலையில் ஒரு ஊழியர் ஏணி வைத்து ஏறி எண்ணை மாற்றுவார். மாகாணத்தில் தவறாமல் நடந்த அரசாங்க வேலை அது ஒன்றுதான். ஐநூறாவது நாளன்று தலைநகரத்திலிருந்து அமைச்சர் வந்து விருது கொடுப்பதாக இருந்தது. கால்வாயின் அக்கரை வேறு மாகாணம். அங்கே பலகையும் இல்லை, அதனால் நோய் இருந்தது.

இன்ஷிராஹை அந்தக் கூட்டத்துக்கு இழுத்து வந்தவள் ஸுஹைர். இன்ஷிராஹின் சின்னம்மா மகள். சுகாதாரத் துறையின் சார்பில் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் நல்லது கெட்டது சொல்கிற ஊர் வழிகாட்டி. பதினோரு வருடமாகத் தற்காலிகப் பணி. நெஞ்சில் அடையாள அட்டை மட்டும் நிரந்தரம். புகார் எண் அச்சடித்த காகிதத்தை இன்ஷிராஹின் குளிர்பெட்டிக் கதவில் அவளே தன் கையால் ஒட்டினாள்.

"அக்கா, ஊர்ல நீ ஒருத்தி உண்மையச் சொல்லிட்டாப் போதும். மத்தவளுக தன்னால வருவாளுக. உம்மேல அவளுகளுக்கு ஒரு இது இருக்கு."

"செத்தா சொல்றேன். வாக்கு," என்றாள் இன்ஷிராஹ்.

அவளுக்கு வாக்கு என்றால் வாக்குதான். ரொட்டிக் கடையில் ஒரு ரொட்டி கூடுதலாக வந்துவிட்டால், வீடு வரை வந்தவள் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் எல்லா அரசாங்கமும் பிழைப்பு நடத்துகிறது. அவர்களைப் பற்றி எந்த அரசாங்கத்துக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது.

இன்ஷிராஹின் மொட்டைமாடியில் பதினோரு கோழிகளும் பதினைந்து வாத்துகளும் இருந்தன. கோழி வீட்டுக்கு. வாத்து மகள் ரிஹாபுக்கு. எட்டு மாதக் கர்ப்பிணியான ரிஹாப் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு முதல் வாரம் தினம் ஒரு வாத்து அடித்துச் சாறு வைத்துக் கொடுக்க வேண்டும். மீதியை மருமகன் வீட்டுக்குத் தலையில் சுமந்துபோய், தெருவே பார்க்க இறக்க வேண்டும். வாத்து மெலிந்திருந்தால் அம்மாவின் மானம் போகும். அதனால் வாத்துகளை ஊட்டி வளர்ப்பார்கள். ஊறவைத்த மக்காச்சோளத்தை விரலால் தொண்டைக்குள் தள்ளி, பிறகு தன் வாய் நிறையத் தண்ணீர் எடுத்து, அலகைத் திறந்து உள்ளே ஊத வேண்டும். இன்ஷிராஹுக்கு முன்பற்கள் இரண்டு விழுந்ததிலிருந்து தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சியது; வாத்துகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. எனவே அந்த வேலையை ரிஹாப் எடுத்துக்கொண்டாள். வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி உட்கார்ந்து, ஒவ்வொரு வாத்தாக மடியில் வைத்து, வாயோடு வாய் வைத்து ஊதுவாள்.

நானூற்று எண்பத்தேழாவது நாள் காலையில் கோழிகள் செத்துக் கிடந்தன. கொண்டை நீலம் பாய்ந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு, பதினொன்றும். வாத்துகள் ஒன்றும் நடக்காததுபோல் மக்காச்சோளத்துக்குக் கத்திக்கொண்டிருந்தன.

"சாக்கு எங்க?" என்றான் அவள் கணவன் மவ்கூத்.

"சாக்கெல்லாம் வேணாம். போன் பண்ணணும்."

"உனக்கென்ன கிறுக்கா? இந்தத் தெருவுல போன வாரம் நாலு வீட்டுல செத்துச்சு. யாராச்சும் வாயத் தொறந்தாங்களா?"

"ஸுஹைருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீ வாக்குக் குடுத்தது ஸுஹைருக்கு. வரப்போறது ஸுஹைரா?"

அவள் போன் செய்தாள். எடுத்த பையனுக்கு இதற்கு முன் அந்தப் போன் அடித்த அனுபவம் இல்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று இரண்டு முறை வைத்துவிட்டான். மூன்றாவது முறை கேட்டான்: "செத்திருச்சா, இல்ல சாகுற மாதிரி இருக்கா?"

"செத்திருச்சு."

"முழுசாவா?"

"பாதியாச் சாகுற கோழிய நான் பாத்ததில்லப்பா."

"நீங்க கால்வாய்க்கு எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்."

பையன் குரலைத் தாழ்த்தினான். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அந்தப் பக்கமா இருந்தா எங்களுக்கு ரொம்ப வசதி."

ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொன்ன குழு மூன்றாம் நாள் வந்தது. அதற்கு அரை நாள் முன்பே ஸுஹைர் மூச்சிரைக்க வந்துவிட்டாள். "அக்கா, பதினாலு பேரு. மூணு வண்டி. தலைவரே வராரு. அவருக்கு வாத்துன்னா உசுரு."

"எந்த வாத்தப் பாக்க வராங்களோ அந்த வாத்தையேவா?"

"பாக்கறது வேற, சாப்பாடு வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாத."

போன் பண்ணாதே என்று சண்டை போட்ட மவ்கூத் இப்போது ஸுஹைரின் பக்கம் சேர்ந்துகொண்டான். "வாசல் ஏறி வந்த அரசாங்கத்தப் பசியோட அனுப்பிட்டு நாளைக்கு நான் தொழுகைக்கு எப்படிப் போவேன்?" என்றான். விருந்தாளிக்குக் கீரையும் பாலாடைக் கட்டியும் வைத்து அனுப்பிய வீடு என்ற பெயர் மூன்று தலைமுறைக்கு நிற்கும் ஊர் அது. ஐந்து வாத்துகள் அறுபட்டன. இன்ஷிராஹ் அடுப்பில் நிற்க, ரிஹாப் குளியலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கொதிநீரில் முக்கி ஐந்தையும் உரித்தாள். குடலை இழுத்துச் சுத்தம் செய்தாள். உடம்பெல்லாம் இறகு ஒட்டிக்கொண்டு சிரித்தபடி எழுந்து வந்தாள்.

குழுவிடம் பாதுகாப்பு உடை இரண்டே இரண்டு இருந்தன. ஒன்றைத் தலைவர் அணிந்தார். இன்னொன்றில் மேல்பாதி ஒருவருக்கும் கால்பாதி ஒருவருக்கும் போயிற்று. புகைப்படம் எடுத்து முடிந்ததும், சாப்பிட வசதியாக இல்லை என்று மூவரும் கழற்றிவிட்டார்கள். பிறகு வாத்து, முலூகியாக் கீரைச் சாறு, அரிசி அடைத்த கத்திரிக்காய் எல்லாம் ஒரு மணி நேரத்தில் ஒழிந்தது. சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவது எப்படி என்று தலைவர் சாப்பாட்டுக்குப் பின் விளக்கினார்.

மாடியை ஆய்வு செய்யும் நேரம் வந்தது. தலைவர் மூன்றாவது படி வரை ஏறி, வயிற்றைத் தடவிக்கொண்டு, அங்கிருந்தே மேலே பார்த்தார். வானம் தெரிந்தது. இறங்கி வந்து தேநீர் கேட்டார்.

"அம்மா, மாடியில பறவை வளக்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு, தெரியுமா?"

"தெரியாது டாக்டர்."

"கூடாதுன்னு உத்தரவு இருந்தா அது இருக்க முடியாது. இருக்க முடியாதது சாகவும் முடியாது. இப்பச் சொல்லுங்க. என்ன செத்துச்சு?"

"கோழி," என்றாள் இன்ஷிராஹ்.

பதினாலு பேரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"ரத்தம் எடுத்துச் சோதிக்க மாட்டீங்களா?"

"எடுத்தா ஆய்வகத்துக்கு அனுப்பணும். அனுப்புனா பதில் வரும். பதில் வந்தா யாராச்சும் அதப் படிக்கணும்," என்றார் டாக்டர் வக்தி பொறுமையாக. "பன்னண்டு வருஷமா இந்தத் துறையில இருக்கேம்மா. நோய ஒழிக்கறதுல பெரிய எதிரி சோதனைதான்."

பிறகு ஒரு தாளை ஸுஹைர் நீட்டினாள். இன்ஷிராஹுக்குப் படிக்கத் தெரியாது.

"என்ன எழுதியிருக்கு?"

ஸுஹைர் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "குழு வந்துச்சு, நீ நல்லா ஒத்துழைச்ச, உனக்கு நன்றின்னு எழுதியிருக்கு, அக்கா."

இன்ஷிராஹ் கைநாட்டு வைத்தாள். மிச்சமிருந்த பத்து வாத்துகளும் ஆய்வுக்கு என்று மூன்றாவது வண்டியில் உயிரோடு ஏற்றப்பட்டன. அந்த வாரம் ஆய்வகத்துக்கு வாத்து வந்ததாக எந்தப் பதிவும் கிடையாது. குழுவின் பதினாலு வீடுகளில் அதற்குப் பதிவேடு வைக்கும் வழக்கம் இல்லை.

குழு வந்துபோன நான்காம் நாள் ரிஹாபுக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் உடம்பு வலி என்றாள். மதியத்துக்குள் உடம்பு கொதித்தது. மறுநாள் காலை படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் மூச்சுக்குத் திணறினாள். நகரத்துக் காய்ச்சல் ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அங்கே டாக்டர் நெர்மீன் என்ற இளம் பெண் இருந்தாள். முகமூடிக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணில் தூங்கி மூன்று நாள் ஆன களைப்பு. அவள் முதலில் கேட்ட கேள்வி: "வீட்டுல பறவை உண்டா?"

"உண்டு. பதினோரு கோழி செத்துச்சு. வாத்துக்கு இவ வாயால தண்ணி ஊதுவா. அஞ்சு வாத்த இவதான் உரிச்சா," என்றாள் இன்ஷிராஹ். எதையும் மறைக்கக் கூடாது, மறைத்தால் மருந்து பிடிக்காது என்று இளைஞர் மன்றத்தில் சொல்லியிருந்தார்கள்.

நெர்மீன் கணினியில் தேடினாள். முகம் மாறியது. "அம்மா, உங்க வீட்டுல பறவையே கிடையாதுன்னு இருக்கு. எப்பவுமே இருந்ததில்லன்னு. கீழ உங்க கைநாட்டு."

இன்ஷிராஹுக்கு முதலில் விளங்கவில்லை. பெருவிரலைத் திருப்பிப் பார்த்தாள். விளங்கியபோது அவளுக்குக் கோழியோ வாத்தோ ஞாபகம் வரவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டே அக்கா என்று சொன்ன ஸுஹைரின் குரல்தான் காதில் கேட்டது.

மாத்திரை ஆஸ்பத்திரியில் இருந்தது. சீக்கிரம் கொடுத்தால் கேட்கும். ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் ஆபத்து. ஆனால் பூட்டிய அலமாரியில், பறவையைத் தொட்ட நோயாளிக்கு மட்டும் என்ற விதியோடு இருந்தது. பதிவுப்படி ரிஹாப் பறவையைத் தொட்டிருக்க வாய்ப்பே இல்லை. சாவி உயர்மட்டக் குழுவின் கையில். நெர்மீன் போன் போட்டாள். வெளியே கேட்கும்படி வைத்தாள்.

"மகளே, என் நிலைமையப் புரிஞ்சுக்க," என்றது டாக்டர் வக்தியின் குரல். "மருந்து குடுத்தா நோய் இருக்குன்னு ஆகும். நோய் இருக்குன்னா நாங்க மருந்தத் தாமதமாக் குடுத்ததா ஆகும். ஒரு கர்ப்பிணிக்குத் தாமதமா மருந்து குடுத்த பாவத்த நான் சுமக்க மாட்டேன். எனக்கும் மனசாட்சி இருக்கு."

"சார், இந்தப் பொண்ணுக்கு மூச்சு முட்டுது."

"அப்ப ஆக்ஸிஜன் குடு. ஆக்ஸிஜனுக்கு விதி ஒண்ணும் கிடையாது. சந்தேகம் இருந்தா, அந்த வீட்ட நல்லாத் தெரிஞ்ச எங்க ஆள அனுப்பறேன், கேட்டுக்க."

எங்க ஆள் மாலையில்தான் வந்து சேர்ந்தது. குழுவின் வண்டியில், அடையாள அட்டையோடு, ஸுஹைர். தாழ்வாரத்தில் இன்ஷிராஹ் எழுந்து நின்றாள். ரிஹாபுக்காகவாவது உண்மையைச் சொல்வாள் என்று, அவளைப் பார்த்ததும் நிம்மதிகூட வந்தது. கதவுக்குப் பின்னால் ரிஹாப் மூச்சு இழுக்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பிறந்த ஏழாம் நாள் சடங்கில் அந்தப் பெண்ணைச் சல்லடையில் வைத்து ஆட்டியவள் ஸுஹைர்தான்.

நெர்மீன் கேட்டாள்: "நீங்க அந்த வீட்டுல பறவை எதையாச்சும் பாத்தீங்களா?"

ஸுஹைர் தன் அட்டையைத் தடவினாள். "இல்ல டாக்டர். அந்த வீட்டுல நான் பறவையப் பாத்ததே இல்ல."

"ஸுஹைர்," என்றாள் இன்ஷிராஹ். "நீ தின்ன வாத்துக் கால் எலும்பு இன்னும் என் குப்பைக் கூடையில கிடக்கு."

"என்னையக் கஷ்டப்படுத்தாத, அக்கா. இன்னும் அஞ்சே நாளு."

"எதுக்கு அஞ்சு நாளு?"

"ஐநூறுக்கு. அன்னைக்கு என்னைய நிரந்தரம் ஆக்குறாங்க. பதினோரு வருஷம் தெருத்தெருவா அலைஞ்சிருக்கேன். அஞ்சு நாள்ல எல்லாத்தையும் போட்டு ஒடைக்கச் சொல்றியா?"

திட்டுவதற்கு இன்ஷிராஹிடம் வார்த்தை இருந்தது. ஊரில் அவளைவிட நன்றாகத் திட்டத் தெரிந்தவள் கிடையாது. ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு வந்தது வெட்கம். இவளை நம்பி மகளைக் கொண்டுவந்து இங்கே கிடத்தியிருக்கிறேனே என்ற வெட்கம்.

மறுநாள் காலை, வார்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நெர்மீன் அவளைக் கூப்பிட்டாள். "அம்மா, அக்கரை மாகாணத்துல நோய் உண்டு. அங்க யாராச்சும் பறவையத் தொட்டுட்டு இங்க வந்து படுத்தா, நாங்க மருந்து குடுக்கலாம். சாவி கேக்கத் தேவையில்ல. அக்கரை நோய்க்குத் தனி டப்பா இருக்கு."

"நான் அக்கரைக்குப் போனதே இல்ல மகளே."

"நான் அதக் கேக்கல. அங்க திங்கக்கிழமை சந்தை நடக்குது. நீங்களும் உங்க பொண்ணும் எந்தத் திங்கக்கிழமை போனீங்கன்னு கேக்கறேன்."

இன்ஷிராஹ் அவளைப் பார்த்தாள். பொய்ச் சத்தியம் என்பது அவள் வாழ்க்கையில் இதுவரை அடுத்தவர்கள் செய்கிற காரியமாகவே இருந்தது. உண்மையைச் சொன்னதற்கு மகளின் மூச்சு போய்க்கொண்டிருந்தது. "போன திங்கக்கிழமை," என்றாள். "ஒரு வாத்த வெல கேட்டோம். வாங்கல. ரிஹாப் அதக் கையில தூக்கிப் பாத்தா." ஆரம்பித்த பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, வாத்தின் நிறம்கூட வாயில் தானாக வந்தது. கைநாட்டு வைத்தாள். ஐந்து நிமிடத்தில் மாத்திரை வந்தது.

ரிஹாப் பிழைத்தாள். பிள்ளை அன்று மாலையே பிறந்துவிட்டது, ஒரு மாதம் முன்னதாக. ஆண் பிள்ளை. ஒரு மணி நேரம் மூச்சு விட்டான். முதல் நாளே மருந்து கொடுத்திருந்தால் அம்மாவுக்கு இவ்வளவு முற்றியிருக்காது என்று நெர்மீன் சொன்னாள். சொல்லிவிட்டு, அதைச் சொல்ல வேண்டியவள் தான் இல்லை என்பதுபோலச் சுவரைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி கொடுத்த தாளை மவ்கூத் படித்தான். பிறந்த இடம், நம் மாகாணம். இறப்புக்குக் காரணம் ஏற்பட்ட இடம், அக்கரை மாகாணம். தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, ஊருக்கு நடந்தான். வண்டி ஏற வேண்டும் என்பதையே மறந்துவிட்டான்.

ஐநூறாவது நாள் வந்தது. அமைச்சரும் வந்தார். விழாவில் மக்களில் ஒருவருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. ஐநூறு நாளில் புகார் எண்ணுக்குப் போன் செய்தவர் ஒரே ஒருவர்தான் என்பதால் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கும் சிரமம் இல்லை. ஊர்த் தலைவர் இரண்டு ஆட்களோடு வந்து, மறுத்தால் மரியாதையாக இருக்காது என்று மரியாதையாகச் சொல்லி, இன்ஷிராஹை வண்டியில் ஏற்றினார்.

டாக்டர் வக்தி மேடையில் உருகினார். "இந்த எளிய தாயப் பாருங்க. வீட்டுல பறவை இல்ல, நோய் இல்ல, ஒண்ணுமே இல்ல. ஆனாலும் அரசாங்கத்துக்குப் போன் பண்ணாங்க. இதுக்குப் பேருதான் விழிப்புணர்வு. நாங்க ஐநூறு நாளா இந்த நோயோட போராடினோம். அத எங்கயும் பாக்காமலே போராடினோம். பாத்துட்டுப் போராடறது சுலபம், அமைச்சர் பாஷா. பாக்காம இருக்கறதுக்குத்தான் பயிற்சி வேணும்."

அமைச்சர் கைதட்டினார். ஒலிவாங்கியை இன்ஷிராஹின் முன் நீட்டி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"எங்க வீட்டுல கோழி செத்துச்சு," என்றாள் அவள். "அப்புறம் என் பேரன்—"

வாத்தியக் குழு தேசிய கீதத்தை எடுத்துவிட்டது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். "உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க," என்று டாக்டர் வக்தி அமைச்சரின் காதில் சொன்னார். அதே மேடையில் கொஞ்சம் தள்ளி ஸுஹைருக்கு நிரந்தரப் பணியின் ஆணை கிடைத்தது. அவளும் இன்ஷிராஹும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஐநூற்று ஏழாவது நாள் மதியம் வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. ஸுஹைர். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்து, உதடு வெடித்து, இரண்டு வார்த்தைக்கு ஒரு இருமல்.

"அக்கா, அந்தச் சந்தை... என்ன கிழமைன்னு சொன்ன?"

"உனக்கெதுக்கு? நீதான் நிரந்தரமாச்சே."

"என் கோழிக்கும் வந்திருச்சு. செத்தா வீணாப் போகுமேன்னு, மிச்சத்தச் சாகுறதுக்கு முன்னாடி அறுத்து உரிச்சேன்." இதைச் செய்யாதீர்கள் என்று படம் போட்ட அட்டையை ஊரில் முந்நூறு வீட்டில் ஒட்டியவள் அவள். "நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் வீட்டுலயும் பறவை இல்லன்னு பதிவுல இருக்கு. நான்தான் எழுதினேன். இந்த ஊர்ல எந்த வீட்டுலயும் இல்லன்னு எழுதியிருக்கேன்."

"அப்ப அக்கரைன்னு சொல்லிட்டுப் போ."

"சொன்னேன். உன் விஷயத்துக்கப்புறம் வக்தி புது விதி போட்டுட்டாரு. அக்கரைக்குப் போனேன்னா மட்டும் பத்தாது, கூடப் போனவங்க சாட்சி வேணுமாம். அக்கரைக்குப் போனதா எழுத்துல இருக்கறது ஊர்லயே ரிஹாப விட்டா நீ ஒருத்திதான்."

இன்ஷிராஹ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கதவைச் சாத்திவிடலாம். ஒரு வார்த்தை தேவையில்லை, கையை ஒரு முறை தள்ளினால் போதும். அப்படிச் சாத்த வேண்டும் என்று பன்னிரண்டு நாளாக இரவும் பகலும் நினைத்திருக்கிறாள். சாத்திய கதவுக்கு வெளியே இவள் இருமுவதைக் கேட்க வேண்டும் என்றுகூட நினைத்திருக்கிறாள். அதை ஒப்புக்கொள்ள அவளுக்குக் கூச்சம் ஏதும் இல்லை.

உள்ளறையிலிருந்து ரிஹாபின் குரல் மெலிதாகக் கேட்டது. "யாரு உம்மா?"

"யாருமில்ல," என்றாள் இன்ஷிராஹ். சொல்லிவிட்டு, கொக்கியிலிருந்து கறுப்பு மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

இருவரும் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறினார்கள். ஸுஹைர் வண்டியின் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; இன்ஷிராஹ் சாலையைப் பார்த்துக்கொண்டாள். பாலத்தில் ஏணி வைத்திருந்தார்கள்; பலகைக்கு ஊழியர் புது வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்.

நெர்மீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முன்பு கேட்ட அதே கேள்வியைக் கேட்க அவளுக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். தாளில் பேனாவை வைத்துக்கொண்டு, நிமிராமல் கேட்டாள்: "இவங்க பறவையத் தொட்டத நீங்க பாத்தீங்களா?"

ஸுஹைர் தரையைப் பார்த்தாள். மூச்சு விசில் அடித்தது.

"பாத்தேன்," என்றாள் இன்ஷிராஹ். "திங்கக்கிழமை. அக்கரைச் சந்தையில. ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தா. நான் பக்கத்துலதான் நின்னேன்."

நெர்மீன் தாளை நீட்டினாள். முழுதும் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு இன்ஷிராஹ் விரலை வைத்தாள். நர்ஸ் மாத்திரை எடுக்கப் போனாள். ஸுஹைர் அவள் கையைப் பிடித்து முத்தமிட வந்தாள். இன்ஷிராஹ் கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காத. மாத்திரைய முழுங்கு, நல்லாத் தூங்கு, பிழைச்சு வா. நீ உசுரோட இருந்தாத்தான் நான் சாகுறவரைக்கும் உன்கிட்டப் பேசாம இருக்க முடியும்."